ஆர்வெல்லுக்கு ஒரு நியாயம், நம்மாளுக்கு ஒரு நியாயம்

மணலூர்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ஆர்வெல்லைப் படிப்பது சுலபம். ஸ்பெயின் தூரத்தில் இருக்கிறது. 1936 டிசம்பரில் ஆர்வெல் பார்சிலோனா போனார். பிரான்கோவுக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தார். 1937 மே மாதம் வெஸ்கா முனையில் கழுத்தில் குண்டு வாங்கினார். உடம்பு தேறி வருவதற்குள், அவர் எந்தக் கட்சியின் படையில் சண்டை போட்டாரோ அந்தக் கட்சியையே 'பாசிஸ்ட் கைக்கூலிகள்' என்று தடை செய்துவிட்டார்கள். செய்தது பிரான்கோ இல்லை, சொந்தப் பக்கத்து ஆட்கள். மனைவியோடு பிரான்சுக்குத் தப்பி, கண்டதை எழுதினார். அதுதான் 'ஹோமேஜ் டு கேட்டலோனியா'.

இதை நம் வாசக நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். "என்ன நேர்மை!" என்பார்கள். சரி, அதே நேர்மையைத் தமிழில் ஒருத்தர் காட்டினால்? "எவ்வளவு வாங்கினான்?" இதுதான் முதல் கேள்வி.

'புதியதோர் உலகம்' 1985இல் கோவிந்தன் என்ற பெயரில் வந்த நாவல். விடுதலைக்காக வந்த பையன்களைச் சொந்த இயக்கமே வதைத்ததையும் கொன்றதையும் உள்ளே இருந்தவர் எழுதியது. பதின்ம வயதில் புலிகளிடம் போய், பிறகு விலகிய ஷோபாசக்தி 2001இல் 'கொரில்லா' எழுதினார். புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி, போருக்குப் பிறகு சிறையும் புனர்வாழ்வு முகாமும் பார்த்து, 2015இல் புற்றுநோயில் இறந்துபோனார். அவருடைய 'ஒரு கூர்வாளின் நிழலில்' அடுத்த வருஷம் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்பதைவிட, அவர்தான் எழுதினாரா என்றே அதிகம் சண்டை போட்டோம். செத்தவருக்குக்கூடச் சந்தேகத்தின் பலனைத் தரவில்லை.

ஒரு எதிர்வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ள முடியாது. "இந்த விமர்சனமெல்லாம் கடைசியில் இலங்கை அரசுக்குத்தானே உதவுகிறது?" உதவலாம். எந்த உண்மையையும் எதிரி எடுத்துப் பயன்படுத்திக்கொள்வான். ஆனால் ஆர்வெல்லிடமும் இதையேதான் சொன்னார்கள். பாசிச எதிர்ப்புக்குக் கேடு என்று அவருடைய பதிப்பாளர் கொலான்ஸ் புத்தகத்தைப் போட மறுத்தார். வேறு பதிப்பகம் 1938இல் அச்சிட்ட 1,500 பிரதிகள் 1950இல் அவர் சாகும்வரைகூட முழுசாக விற்கவில்லை. அன்றைக்கு லண்டனில் இருந்திருந்தால் நாம் யார் பக்கம் நின்றிருப்போம்? எனக்கு அதில் பெரிய சந்தேகம் இல்லை.

இன்னொன்று. உள்ளே நடந்ததை எழுதினவர்கள் அரசை விட்டுவைத்தார்களா? ஷோபாசக்தியின் 'ம்' 1983 ஜூலை வெலிக்கடைச் சிறைப் படுகொலையைப் பேசுகிற நாவல். ஐம்பத்து மூன்று கைதிகள் கொல்லப்பட்ட இடம் அது. அந்த நாவலின் ஆங்கிலத் தலைப்புக்குத் 'துரோகி' என்று பொருள். நாம் வைக்கிற பேரை அவரே எடுத்துக்கொண்டார்.

ஸ்பெயின் மாதிரி இது அந்நிய நாட்டுப் போர் என்றும் நாம் ஒதுங்க முடியாது. பயிற்சி முகாம்கள் ஒரத்தநாட்டில் இருந்தன. அகதிகள் என் மாவட்டத்திலேயே சின்னசேலம் முகாமில் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. மணலூர்பேட்டையில் என்னோடு படித்த பையன்களும், ஆபீஸில் என் டீமில் இருக்கிற தமிழ்ப் பையன்களும் மே 18க்கு மெழுகுவத்தி ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். வைக்கட்டும், முள்ளிவாய்க்கால் அழ வேண்டிய விஷயம்தான். ஆனால் எத்தனை பேர் சின்னசேலத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறார்கள்? சாவு அவர்களுடையது, வீரம் மட்டும் நம்முடையது என்பது வசதியான ஏற்பாடு. அந்த வசதிக்கு இடைஞ்சலாக இருப்பதால்தான் சண்டை போட்டுத் திரும்பியவனின் வாயை மூடச் சொல்கிறோம். முகாமில் கதை தெரிந்த ஒருத்தர் இருந்தாலும், நம் லட்சணத்தைப் பார்த்து எப்படி வாய் திறப்பார்?

இந்தப் புத்தகங்களை வேதமாக நம்பச் சொல்லவில்லை. தன்னுடைய சார்பையும் பிழைகளையும் கவனித்துப் படிக்கச் சொல்லி ஆர்வெல்லே எச்சரித்தார். 1990 மாங்குளம் தாக்குதலுக்குப் போய், 1992இல் களத்திலேயே இறந்த மலரவனின் 'போர் உலா'வையும் படியுங்கள். அதில் இயக்கத்தின் மேல் முழு நம்பிக்கை இருக்கும். பக்கத்திலேயே 'புதியதோர் உலக'த்தை வையுங்கள். இரண்டு பேரும் உயிரைப் பணயம் வைத்தவர்கள். தீர்ப்பு சொல்லுகிற நாம் டேட்டா பேக்கைத் தவிர எதையும் செலவழித்ததில்லை.