பிள்ளைக்குப் பருத்தி: கடையில் விற்பதும் அலமாரியில் இருப்பதும்

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த இந்த உயர்வு, ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. கைக்குழந்தைக்கு நாளுக்கு ஆறு பேம்பர்ஸ் மாற்றினால் மாதத்துக்கு 180. ஒன்று 60 சென் என்று வைத்துக்கொண்டாலும் 108 வெள்ளி ஆகிறது. ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பமென்றால், சம்பளத்தில் ஆறு விழுக்காட்டுக்கும் மேல் குப்பைத் தொட்டிக்குப் போகிறது என்று பொருள். ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் மலாக்கா பட்டணத்தை ஒட்டிய தாமான்களிலும் உள்ள இளம் பெற்றோர் பலர், துணி லம்பினுக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

யோசிக்கத் தொடங்கியவர்களைக் கைப்பேசி உடனே பிடித்துக்கொள்கிறது. "இயற்கை இழை", "ஆர்கானிக் பருத்தி", "மூங்கில் துணி" என்று குழந்தை உடுப்பு விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சாதாரணச் சட்டையைவிட இவற்றின் விலை இரண்டு மூன்று மடங்கு. அதோடு, வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில் காசில்லாமல் கிடைத்த பருத்தி இன்று வசதி படைத்தவர்களின் பொருளாக விற்கப்படுகிறது. இதில் எதை வாங்க வேண்டும், எதை வாங்கத் தேவையே இல்லை என்பதுதான் கேள்வி.

முதலில் பருத்தி ஏன் என்று பார்ப்போம். மலாக்காவின் வெயிலும் புழுக்கமும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பருத்தி இழை சாதாரண நிலையிலேயே தன் எடையில் ஏறத்தாழ எட்டு விழுக்காடு ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டருக்கு இது அரை விழுக்காடுகூட இல்லை. அதனால்தான் பசார் மாலாமில் வாங்கிய பளபளப்பான சட்டைக்குள் பிள்ளைக்கு வியர்க்குரு வருகிறது. கைக்குழந்தையின் தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் ஈரம் தங்கினால் ஒரே நாளில் சிவந்துவிடும். லினன், கம்பளி, பட்டு ஆகியவையும் இயற்கை இழைகள்தாம். ஆனால் கம்பளிக்கு இந்த ஊரில் வேலையில்லை. பட்டுப் பாவாடை கோயிலுக்குப் போகும் ஒரு மணி நேரத்துக்குச் சரி. அதற்கும் உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைக்காவிட்டால் ஜரிகை பிள்ளையின் இடுப்பைக் கீறிவிடும்.

மூங்கில் துணியின் கதை வேறு. மூங்கிலைக் காரச் சோடாவிலும் கார்பன் டைசல்பைடு என்னும் இரசாயனத்திலும் கரைத்துக் கூழாக்கி, அந்தக் கூழை இழையாகப் பிழிந்தால் கிடைப்பது விஸ்கோஸ், அதாவது ரேயான். மரக்கூழிலிருந்தும் இதே பொருளைத்தான் எடுக்கிறார்கள். மிருதுவாக இருக்கும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும், பிள்ளைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மூங்கிலின் "இயற்கைக் கிருமிநாசினிக் குணம்" அதில் தங்கியிருப்பதாகச் சொல்லி இரட்டை விலை வாங்குவது வேறு விஷயம். அமெரிக்காவின் மத்திய வாணிப ஆணையம் ரேயானை மூங்கில் என்று விற்ற நிறுவனங்கள் மீது 2009ஆம் ஆண்டிலிருந்தே நடவடிக்கை எடுத்து வருகிறது. 2022இல் இதே காரணத்துக்காக வால்மார்ட்டும் கோல்ஸும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. அவ்வளவு பெரிய கடைகளிலேயே இப்படியென்றால், பெயர் தெரியாத இணையக் கடையில் பொட்டலத்தின் முன்பக்க எழுத்தை நம்புவதைவிட உள்ளே தைத்திருக்கும் சிறு சீட்டைப் படிப்பது மேல்.

"துணி நெப்பி" என்று விற்கப்படுவதும் முழுக்கத் துணி அல்ல. இன்றைய வண்ண வண்ண நெப்பிகளில் வெளிப்பக்கம் தண்ணீர் கசியாதபடி பிளாஸ்டிக் பூசிய பாலியெஸ்டர். பிள்ளையின் தோலில் படும் உள்பக்கமும் பல வகைகளில் பாலியெஸ்டர்தான். உள்ளே செருகும் பட்டை மைக்ரோஃபைபர், அதுவும் அதே இனம். ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால் இவற்றுக்கும் பயன் உண்டு. ஆனால் இயற்கை இழை வேண்டுமென்று தேடிப் போய் வாங்குகிறவர் பெறுவது அதுவல்ல. டஜன் கணக்கில் விற்கும் வெள்ளை மஸ்லின் லம்பின்தான் பெயருக்கேற்ற பருத்தி. அதைக் கட்டிய பிள்ளைக்கு அடிப்பாகம் புடைத்து நிற்கும் என்பதால் மேலே போடும் கால்சட்டை ஓரளவு பெரியதாக, வளைந்து கொடுக்கும் பின்னல் துணியாக இருக்க வேண்டும். வயதுக்கேற்ற அளவென்று இறுக்கமாக வாங்கினால் லம்பின் நெருக்கப்பட்டு ஈரம் முழுவதும் வெளியே வந்துவிடும். வீட்டில் இருக்கும் நேரத்தில் பழைய ஜப்லா மாதிரி முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டையும் லம்பினும் போதும். கால்சட்டையே தேவையில்லை.

தோட்டத்தில் இதையெல்லாம் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பால்மரம் வெட்டிய தலைமுறையில், தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். கூடவே ஒரு துணி மூட்டையும் போகும். தாத்தாவின் வேட்டியைக் கிழித்த துண்டு, அம்மாவின் நைந்த சேலை, பழைய கைலி என்று எல்லாமே பலமுறை துவைத்து மிருதுவான பருத்தி. புதுத் துணியின் கஞ்சியும் சாயமும் எப்போதோ போயிருக்கும். பேர் வைக்கும் நாள்வரை பிள்ளைக்குப் புதுத் துணி போடக்கூடாது என்று பல வீடுகளில் சொல்வதற்குச் சாஸ்திரம் ஒரு காரணமாக இருக்கலாம். தோலுக்கு அது நல்லதாகவே அமைந்தது. புதுச் சட்டைகள் சுருங்காமல் இருக்க ஏற்றும் சில பூச்சுகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். ஒருமுறை துவைத்த பிறகே பிள்ளைக்குப் போட வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

ஆகவே பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கு வேண்டிய நல்ல பருத்தி ஏற்கெனவே இருக்கிறது. பாட்டியின் அலமாரியில், பெட்டியில், மூத்த பிள்ளையின் துணிகளை மடித்து வைத்த பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. கவனிக்க வேண்டிய ஆபத்து இருப்பதும் அதே இடத்தில்தான்.

அந்தத் துணிகளுக்கு நடுவே பாச்சை உருண்டை போட்டு வைப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அந்துருண்டை என்றும் சொல்வார்கள். மலாய்க் கடையில் கேட்டால் 'ஊபாட் கெகாட்'. இவற்றில் பலவும் நாப்தலீனால் ஆனவை. திறந்து வைத்தால் தானாகக் கரைந்து ஆவியாகி, துணிக்குள் புகுந்துகொள்ளும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு இந்த ஆவி பெரும் கேடு. சிவப்பணுக்களைக் காப்பாற்றுவது அந்த நொதி. அது குறைந்திருக்கும்போது நாப்தலீன் உடலில் ஏறினால் சிவப்பணுக்கள் உடையும், இரத்தம் குறையும், மஞ்சள் நிறமி கூடும். பிறந்து சில நாளே ஆன பிள்ளையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. அளவு மீறினால் அது மூளையில் படிந்து, காது கேளாமையும் கை கால் இயக்கக் குறைபாடும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். உயிரிழப்பும் நேரலாம்.

இது வாயில் போட்டு விழுங்கினால் மட்டும் வரும் விபத்து அல்ல. நாப்தலீன் உருண்டையோடு வைத்திருந்த நெப்பியும் போர்வையும் பயன்படுத்திய குழந்தைகளுக்கு இப்படி இரத்தம் உடைந்தது மருத்துவ ஏடுகளில் 1950களிலேயே பதிவாகியிருக்கிறது. நாப்தலீன் எண்ணெயில் எளிதாகக் கரையும். குளிப்பாட்டி எண்ணெய் தேய்த்த உடம்பில் அந்தத் துணியைச் சுற்றினால் தோல் வழியாக இன்னும் வேகமாக ஏறும். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதும் பழைய துணியில் சுற்றுவதும் நம் வீடுகளில் ஒன்றாகவே நடப்பவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் நாப்தலீன் உருண்டைக்குத் தடை இருக்கிறது. இங்கே மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. வேறு இரசாயனத்தில் செய்த உருண்டைகளும் உண்டு என்றாலும், முகர்ந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எதுவுமே வேண்டாம் என்று விடுவதுதான் பாதுகாப்பு.

நல்ல வேளையாக, மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பரிசோதனை செய்வது வழக்கமான நடைமுறை. முடிவு குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். சீனர், மலாய்க்காரர்களோடு ஒப்பிட்டால் இந்தியர்களிடம் இந்தக் குறைபாடு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தாய்வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பாதிக்கிறது. குறைபாடு இருந்தால் கச்சாங் பாராங், சில மருந்துகள், பாச்சை உருண்டை ஆகியவற்றைத் தவிர்க்கும்படி தாயிடம் சொல்லி அனுப்புவார்கள். சிக்கல் என்னவென்றால், அதைக் கேட்டவள் தாய். துணியை எடுத்துக் கொடுப்பவர் பாட்டியோ பெரியம்மாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ. "நாங்களும் இப்படித்தான் வளர்த்தோம்" என்று அன்போடு நீட்டும்போது மறுக்கப் புதுத் தாய்க்கு வாய் வராது. அந்த முடிவை வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரியப்படுத்த வேண்டியது தகப்பனின் வேலை என்று வைத்துக்கொண்டால் நல்லது. பிள்ளையின் கண்ணும் உடம்பும் மஞ்சளாகி, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால், வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ கொண்டு போக வேண்டும்.

இத்தனையும் சரி செய்தாலும் பேம்பர்ஸை விட முடியாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தொண்ணூற்றொன்பதாம் நாள் பிள்ளையை யார் பார்ப்பது? ரப்பர் செம்பனையாக மாறி, மக்கள் பட்டணம் பெயர்ந்த பிறகு, ஆயாக் கொட்டகை பல தோட்டங்களில் பெயரளவுக்குக்கூட இல்லை. பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய் பிள்ளையைத் தாஸ்காவிலோ பிள்ளை பார்க்கும் வீட்டிலோதான் விட்டாக வேண்டும். ஐந்தாறு பிள்ளைகளைப் பார்க்கும் ஒருவர், நனைந்த லம்பினை அலசி வைக்க நேரமில்லை, பேம்பர்ஸ் கொடுத்து அனுப்புங்கள் என்று கேட்டால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. துணி லம்பின் நனைந்த உடனே மாற்றினால்தான் நல்லது. மாற்றாமல் விட்டால், ஈரத்தை ஜெல்லாக்கி வைத்துக்கொள்ளும் பேம்பர்ஸைவிட அதுவே அதிகப் புண் தரும். பகலில் தாஸ்காவில் பேம்பர்ஸ், வீட்டில் துணி என்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் செலவில் பாதியையாவது மிச்சப்படுத்துகின்றன. முழுக்கத் துணிக்கு மாறாததற்காக அவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

துவைக்கத் தண்ணீரும் வேண்டும். 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி, வாளியோடு வரிசையில் நின்றதை மலாக்கா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரி 22 சென் உயர்ந்தது. ஆனாலும் லம்பின் துவைக்கும் தண்ணீர்ச் செலவு பேம்பர்ஸ் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மறுபக்கம் குப்பை இருக்கிறது. 2012இல் அரசு எடுத்த திடக்கழிவுக் கணக்கெடுப்பில், வீட்டுக் குப்பையில் சுமார் 12 விழுக்காடு பேம்பர்ஸ் வகைக் கழிவு. மலாக்காவில் அது சுங்கை ஊடாங் குப்பை நிலத்துக்குப் போய்ச் சேருகிறது.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஜாலான் பெண்டஹாரா லிட்டில் இந்தியா பக்கம் தொங்கும் பருத்திப் பின்னல் சட்டைகளில் திருப்பூர்ச் சரக்கைத் தேடிப் பார்க்கலாம். இயற்கை இழை என்பதாலேயே அது பாவமறியாதது என்று எண்ண வேண்டாம். சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிள்ளையின் சட்டைக்கு அழுத்தமான சாயம் எதற்கு? வெள்ளையோ வெளிர் நிறமோ போதும், மூன்று மாதத்தில் சிறியதாகிவிடும். "100% பருத்தி" என்று போட்டு வேறொன்றை விற்றால், 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டப்படி அது குற்றம். உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெறப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை.

பிரசவத்துக்கு இன்னும் ஓரிரு மாதம் இருக்கும்போதே பழைய துணிகளை வெளியே எடுத்துவிடலாம். உருண்டை வாசனை அடிக்கும் துணியைப் பிள்ளைக்கு வைக்க வேண்டாம், துடைக்கும் துணியாகப் போகட்டும். துவைத்தால் வாசனை போகலாம், நாப்தலீன் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஜி6பிடி முடிவு பிள்ளை பிறந்த பிறகுதான் தெரியும், துணியோ அதற்கு முன்பே மருத்துவமனைப் பையில் ஏறிவிடுகிறது. மீதியைச் சவர்க்காரத்தில் துவைத்து, துணி மிருதுவாக்கும் திரவம் சேர்க்காமல் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் வெறுமனே மடித்து வைத்தால் போதும். அந்தத் திரவம் இழையின் மேல் படிந்து, லம்பின் ஈரத்தை உறிஞ்சவிடாமல் செய்துவிடும்.