சோலார் போட்டாச்சு, புண்ணியம் சேர்ந்தாச்சா?

1/ மாடியில சோலார் போட்ட கையோட ரெண்டாவது ஏசியும் வாங்கிட்டு, "இனிமே நம்ம வீட்டால பூமிக்குக் கேடு இல்ல டாக்டர்"னு சொல்றவங்களுக்காக இந்தத் த்ரெட். சுகர் மாத்திரை போட்டாச்சேன்னு தூத்துக்குடி மக்ரூனை பாக்கெட் பாக்கெட்டா காலி பண்ற பேஷண்டும் நீங்களும் ஒண்ணுதான். கோவப்படாம முழுசா படிங்க.

2/ "டாக்டருக்கு இதுல என்ன வேலை?" 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட சேர்ந்து சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டாங்க. ஆதிச்சநல்லூர் பக்கம் கரண்ட் இல்லாத அந்த நாட்கள்ல, இன்சுலின் பாட்டிலை ஈர மண்பானைக்குள்ள வைக்கச் சொல்லி நான் பேஷண்ட்டுகளை அனுப்பினேன்.

3/ அந்த மழைக்கு காலநிலை மாற்றம் மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. ஆனா காத்து 1 டிகிரி சூடேறினா சுமார் 7% கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது மொத்தமா கொட்டும். சிம்பிள் இயற்பியல்.

4/ நம்ம ஸ்விட்ச்சுக்குப் பின்னாடி என்ன இருக்கு? 1979-ல் ஆரம்பிச்ச தூத்துக்குடி அனல்மின் நிலையம், 1050 மெகாவாட். பக்கத்துலயே என்.டி.பி.எல்., 1000 மெகாவாட். ஒடிசா நிலக்கரி கப்பல்ல வந்து இங்கே எரியுது. இந்திய சராசரிப்படி ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

5/ "கம்பெனிகளைக் கேளுங்க, எங்களை ஏன் கேக்குறீங்க?" நியாயம். தனிமனித 'கார்பன் தடம்'ங்கிற பேச்சை விளம்பரம் பண்ணிப் பரப்பினதே பி.பி. எண்ணெய் கம்பெனிதான். அவங்களையும் அரசையும் கேளுங்க, நானும் கேக்குறேன். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் குடிக்கிறான்னு உங்க லிவர் உங்களை மன்னிக்காது.

6/ ஒரு ஃபேன், ஒரு லைட்டோட ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ வேகுற குடும்பத்துக்கு இந்த அட்வைஸ் இல்ல. அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கரண்ட் தேவை. இது நமக்கு. மாசச் சம்பளம், சொந்த வீடு, ஏசி வச்சிருக்கிற நமக்கு. என்னையும் சேர்த்துத்தான்.

7/ இப்ப பிரிஸ்கிரிப்ஷன். முதல்ல டயட், அப்புறம்தான் மாத்திரை.

• பழைய ஃபேன் சுமார் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30. மூணு ஃபேன், தினம் 15 மணி நேரம்னா நாளைக்கு 2 யூனிட் மிச்சம். வருஷத்துக்கு அரை டன் கார்பன் குறையும்.

• ஏசியை 18-ல வச்சுட்டுப் போர்வையைத் தேடாதீங்க. 26-ல வச்சு ஃபேன் போடுங்க. ஒவ்வொரு டிகிரி ஏத்தும்போதும் சுமார் 6% மிச்சம்னு மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பே சொல்லுது.

• மொட்டை மாடிக்கு வெள்ளை அடிங்க. வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழ ரூம் சூடு குறையும்.

• மோட்டார், வாஷிங் மெஷினைப் பகல்ல ஓட்டுங்க. சோலார் கரண்ட் கிரிட்ல நிறைய இருக்கிற நேரம் அதுதான்.

8/ இதெல்லாம் முடிச்சிட்டு சோலாருக்கு வாங்க. 2024-ல் வந்த பி.எம். சூர்யகர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நாளைக்கு சுமார் 12 யூனிட் வரும். தேவையைக் குறைச்ச வீட்டுக்குச் சின்ன பேனலே போதும், செலவும் கம்மி. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: பேட்டரி இல்லாத கிரிட் சோலார், கரண்ட் போனா தானும் நின்னுடும். இன்வெர்ட்டர்னு நெனச்சு ஏமாறாதீங்க.

9/ ராத்திரி? சூரியன் போனதும் உங்க ரெண்டாவது ஏசி ஓடுறது பெரும்பாலும் நிலக்கரியிலதான். பகல்ல கொடுத்த யூனிட்டை நெட் மீட்டர்ல கழிச்சுக்கலாம், பில் குறையும். ராத்திரி எரிஞ்ச கரியை யாரும் கழிக்க முடியாது.

10/ எங்க ஊர்ல தோண்டினா முதுமக்கள் தாழி கிடைக்கும், ஏறக்குறைய 3000 வருஷம் பழசு. நாம இன்னைக்கு விடுற கார்பன்லயும் ஒரு பகுதி அத்தனை வருஷம் காத்துல நிக்கும். அவங்க விட்டுட்டுப் போனது யாருக்கும் மூச்சு முட்டல.

இந்த வாரம் ஒரே ஒரு ஃபேனை மாத்துங்க. அடுத்த பில் வந்ததும் இங்கேயே வந்து சொல்லுங்க.


- ஒரு அரசு மருத்துவர்