ஆடுகளத்தில் புதிய கங்காணிகள்

மைசூருவின் மைந்தர் ஜவகல் ஸ்ரீநாத் 1995இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் கவுண்டி அணிக்குப் பந்து வீசினார். பிழைப்புக்காக அந்நிய மண்ணுக்குச் சென்றவர் என்று மைசூருவில் அவரைப் பழித்தவர் உண்டா? இன்று அதே மைசூருவின் பல்கலைக்கழகத்தில் பயிலும் ஆப்பிரிக்க மாணவர் ஒருவரை உள்ளூர்க் கால்பந்து கிளப் ஊதியம் தந்து ஆட அழைத்தால், அவர் விதியை மீறியவராகிறார். மாணவர் விசா ஊதியம் பெறும் வேலையை அனுமதிப்பதில்லை.

இந்தியக் கால்பந்தின் வரலாறோ வேறு விதமானது. 1980இல் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஆடிய ஈரானியர்களான மஜீத் பிஷ்கரும் ஜம்ஷித் நசிரியும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மாணவர்களாக இங்கு வந்தவர்கள். கொல்கத்தாவின் மூன்று பெரும் கிளப்புகளிலும் புகழ்பெற்ற நைஜீரியர் சீமா ஒகோரியும் கல்வி கற்க வந்தவரே.

இன்றைய விசா விதிகளின் வர்க்கத் தன்மை வெளிப்படையானது. ஐபிஎல் போன்ற வணிகப் போட்டிகளில் ஒப்பந்தத்தோடு ஆடுவோருக்கு வணிக விசா உண்டு. இந்தியக் கிளப்புகளோடு குறித்த கால ஒப்பந்தம் பெற்றோருக்கு வேலைவாய்ப்பு விசா உண்டு. அதற்கான பொதுவான ஊதிய வரம்பு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய். மாவட்ட லீகில் ஆடும் எந்தக் கிளப்பால் இத்தொகையைத் தர இயலும்? ஒப்பந்தம் கிடைக்குமா என்று ஆடிக்காட்ட வரும் ஏழை இளைஞரையோ, 'டிரையல்' எனப்படும் தேர்வாட்டத்தையோ இவ்விதிகள் பெயர்சொல்லிக் குறிப்பிடவே இல்லை. ஒப்பந்தம் இருந்தால்தான் விசா, ஆடிக்காட்டினால்தான் ஒப்பந்தம்!

இந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். அவரைத் தமிழர்கள் நன்கறிவர். இலங்கைக்கும் மலாயாவுக்கும் நம் முன்னோரை முன்பணக் கடனில் பிணைத்து அழைத்துச் சென்ற கங்காணியின் மறுவடிவம் அவர். அழைப்புக் கடிதம், தங்குமிடம், ஆட்ட வாய்ப்பு அனைத்தும் அவர் கையில்.

கேரளத்தின் மலப்புரத்தில் நடைபெறும் எழுவர் கால்பந்துப் போட்டிகள் இதற்குச் சான்று. ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைக் காண ஆயிரக்கணக்கானோர் திரளும் களங்கள் அவை. 2024 மார்ச்சில் அரீக்கோடு பகுதியில் ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக் கூட்டம் துரத்தித் தாக்கியது. இனவெறி வசைக்கும் ஆளானதாக அவர் காவல்துறையிடம் முறையிட்டார். இடதுசாரி இயக்கம் வேரூன்றிய மாநிலத்தில் இது நடந்தது என்பதைத் தோழர்கள் மறைத்துப் பேசலாகாது. கைதட்டி வரவேற்ற கூட்டமே கைநீட்டி அடிக்கும் என்றால், அங்கே அரசியல் கல்விக்கு வேலை இருக்கிறது.

ஏமாற்றப்பட்டவர் எங்கே முறையிடுவார்? நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம், விசா நிபந்தனையை மீறினாலோ காலம் கடந்து தங்கினாலோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஊதியம் கேட்டுக் காவல் நிலையப் படியேறுபவர் தாமே குற்றவாளியாகும் அபாயம் இருக்கும்போது, வாய் திறப்பவர் யார்? அந்த அச்சமே தரகரின் மூலதனம்.

குடியேறிகளை வேட்டையாடும் அமெரிக்காவிலேயே, தொழில்முறை அணி குறுகிய காலத் தேர்வாட்டத்துக்கு அழைக்கும் அமெச்சூர் ஆட்டக்காரருக்கு பி-1 விசாவில் இடமுண்டு. பயணம், தங்குமிடம், உணவுச் செலவுகளை அணி ஏற்கலாம். கட்டணப் பார்வையாளர் இல்லாத தேர்வாட்டத்தில் வருகையாளர் பங்கேற்கப் பிரிட்டன் அனுமதிக்கிறது. இது அவர்களின் மனிதநேயமன்று. திறமையை மலிவாகத் தெரிந்தெடுக்கும் முதலாளித்துவத் தேவை. அந்த அளவுக்கேனும் தெளிவான விதியை எழுத ஒன்றிய அரசுக்கு மனமில்லை.

அயல்நாட்டவர் வந்தால் உள்ளூர் இளைஞரின் வாய்ப்பு பறிபோகும் என்பர் சிலர். வாய்ப்பைப் பறித்தவர் யார்? 2010இல் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு இந்தியக் கால்பந்தின் வணிக உரிமை ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் புதுப்பிப்பு இழுபறியானதும் 2025 ஜூலையில் ஐஎஸ்எல் போட்டியே நிறுத்திவைக்கப்பட்டது. இந்திய ஆட்டக்காரர்களின் பிழைப்பு கேள்விக்குள்ளானது. இதைச் செய்தவர் ஆப்பிரிக்க இளைஞர் அல்லர்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். தேர்வாட்டத்துக்கெனக் குறுகிய கால விசா வேண்டும். அழைக்கும் கிளப் எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பேற்று, திரும்பும் பயணச்சீட்டு உள்ளிட்ட செலவுகளை ஏற்க வேண்டும். தரகர்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஊதிய மோசடி குறித்துப் புகார் அளிப்பவரை விசாக் குற்றம் சாட்டிச் சிறையிலடைக்கக் கூடாது.

களத்தில் வியர்வை சிந்துபவரும் உழைப்பாளியே. அவருடைய கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து உரிமையை அளப்பது உழைப்பாளர் இயக்கத்தின் வழியன்று. கங்காணிகளின் கொடுமையை மூன்று தலைமுறை சுமந்த தமிழர்கள் இதை முதலில் உரத்துச் சொல்ல வேண்டும்.