சுவருக்கு அங்கால போற சத்தம்

கடையில் ஹோம் தியேட்டர் செற் ஒன்று பாக்க வேணும் எண்டு கேட்டுப் பாருங்கோ. சப்வூஃபரின் திருகை முழுக்கத் திருப்பிவிட்டு, குண்டு வெடிக்கிற காட்சி ஒன்றைத்தான் போட்டுக் காட்டுவார்கள். நெஞ்சு அதிரும். பெட்டியில் பிஎம்பிஓ 10,000 வாட்ஸ் என்று அடித்திருக்கும். வீட்டில் இருக்கிற 13 அம்பியர் பிளக்கில் 3,000 வாட்ஸ் அளவுதான் எடுக்கலாம், மிச்சம் எங்கயிருந்து வருகுது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அந்த இலக்கத்துக்கு ஒழுங்கான அளவுமுறையே கிடையாது.

எங்களுக்குப் பிரச்சினை, வீட்டுக்கு வந்த பிறகும் செற் அந்தக் கடைத் திருகலிலேயே கிடப்பதுதான். பேஸ் கூட இருந்தால் நல்ல செற், ஷோகேஸ் கண்ணாடி நடுங்கினால் இன்னும் நல்ல செற் என்று ஒரு நம்பிக்கை எங்கட பொடியளிட்ட ஊறிப்போயிருக்கு. நாங்கள் இதை ஏற்கவில்லை. பேஸ் பிடிக்காததால் அல்ல, பிடிப்பதால்.

5.1 என்பதில் வருகிற அந்த ‘.1’ என்ன? தாழ்ந்த ஒலிகளுக்கென்றே, 120 ஹேர்ட்ஸ் வரைக்கும், தனியாக ஒதுக்கிய தடம். படத்தின் ஒலிக்கலவை செய்தவர், எந்த இடத்தில் நிலம் அதிர வேணும், எந்த இடத்தில் அமைதி வேணும் என்று முடிவெடுத்து அதில் வைத்திருக்கிறார். நாங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாய் ஏற்றிவிட்டால், கதவு சாத்துவதும் குண்டு வெடிப்பதும் ஒரே சத்தம்தான். இதற்குள் வசனம் கேட்கவில்லை என்று ரிமோட்டில் இன்னும் கூட்டுவார்கள். கூட்ட வேண்டியது அதையல்ல.

சரி, பெட்டியை எங்க வைக்கிறது? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றுதான்: ரிவிக்குப் பக்கத்து மூலையில், வயர் எட்டுகிற இடத்தில். செற்றியோ பின்சுவரோடு ஒட்டிக்கிடக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதுதான் முழுக்கதையும்.

40 ஹேர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் 28 அடிக்குக் கிட்ட. எங்கட ஹோல் 12 அடி. அலை அறைக்குள் அடங்காது, சுவரில் பட்டுத் திரும்பும். போன அலையும் திரும்பின அலையும் சில இடத்தில் ஒன்றையொன்று கூட்டும், சில இடத்தில் அழிக்கும். 12 அடி அறையில் 47 ஹேர்ட்ஸ் அளவில் இது நன்றாகத் தெரியும். சுவரோரம் அந்த ஒலி பொம்மும், அறை நடுவில் காணாமற் போகும். மூலை இன்னும் மோசம், இரண்டு சுவரும் நிலமும் சேர்ந்து தூக்கிவிடும். 12க்கு 12 என்று சதுரமாய் அறை இருந்தால் நீளத்திலும் அகலத்திலும் அதே 47 இலேயே பொம்மும். சீமெந்துச் சுவரும் ரைல்ஸ் நிலமும் தாழ்ந்த ஒலியைக் குடிக்காது, அப்பிடியே திருப்பி எறியும். மூலையில் பெட்டி, சுவரோரம் செற்றி என்றால் கேட்பது படத்தின் பேஸ் அல்ல, அறையின் பேஸ்.

இதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. கொஞ்சம் வெட்கம் விட வேணும். சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் வழமையாய் இருக்கிற செற்றியில், உங்கட இடத்தில் வையுங்கோ. பேஸ் கிற்றார் வடிவாய் நடக்கிற பாட்டு ஒன்றைப் போடுங்கோ. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகள் இதுக்கெண்டே செய்தது போல. பிறகு நிலத்தில் தவழ்ந்து, பெட்டி வைக்கக்கூடிய இடமெல்லாம் காதைக் கொண்டுபோய்க் கேளுங்கோ. ஒரு இடத்தில் ஒரு சுரம் மட்டும் ‘தொம்’ எண்டு முட்டும், இன்னொரு இடத்தில் பாதிச் சுரங்கள் காணாது. எல்லாச் சுரமும் ஒரே அளவாய் இறங்கி ஏறுகிற இடம் ஒன்று அகப்படும். பெட்டி போக வேண்டிய இடம் அதுதான். அம்மா வந்து என்ன தேடுறாய் எண்டு கேட்டால் காசு விழுந்திட்டுது எண்டு சொல்லலாம். ஏலுமெண்டால் செற்றியையும் சுவரில் இருந்து ஒரு இரண்டு அடி முன்னுக்கு இழுங்கோ. அறை சின்னன், இழுக்க இடமில்லை எண்டால் கதவையாவது திறந்து விடுங்கோ, பொம்மல் கொஞ்சம் தணியும்.

மற்றத் திருகுகள் பெரிய விசயமில்லை. ஸ்பீக்கர்கள் ஓரளவு பெரிதெண்டால் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சப்வூஃபரிட்ட விடுங்கோ. கையளவு ஸ்பீக்கர்கள் வருகிற மலிவு செற்றுகளில் 120, 150 வரைக்கும் போகத்தான் வேணும். அப்ப ஆம்பிளைக் குரலின் அடிப்பகுதியும் சப்வூஃபருக்குள்ள போயிடும். பெட்டி ஒரு மூலைக்குள் கிடந்தால் கதாநாயகன் அங்கயிருந்து கதைப்பான், அதனால் ரிவிக்குக் கிட்டவே வைக்க வேணும். பின்னுக்கு 0, 180 எண்டு ஒரு சுவிட்ச் இருந்தால் இரண்டையும் போட்டு, உங்கட இடத்தில் பேஸ் கூடக் கேட்கிறதை விடுங்கோ. அளவு கடைசியாய். பெட்டியை நிப்பாட்டினால் ஏதோ இல்லையெண்டு தெரிய வேணும். போட்டால் எங்கயிருந்து வருகுது எண்டு தெரியக் கூடாது.

இவ்வளவும் எங்கட காதுக்கு. இனிப் பக்கத்து வீடு.

1974 இல் ‘எர்த்குவேக்’ படத்துக்காக யூனிவர்சல் நிறுவனம் ‘சென்சரவுண்ட்’ என்று பெரிய பேஸ் பெட்டிகளைத் தியேட்டர்களுக்குள் கொண்டுவந்து இறக்கியது. படம் பார்த்தவர்களுக்கு நிலநடுக்கம் வந்தது போல இருந்ததாம். பக்கத்து அரங்கில் வேறு படம் பார்த்தவர்களுக்கும் அதே நடுக்கம், முறைப்பாடும் வந்தது. உயர்ந்த ஒலியைச் சுவர் மறிக்கும், தாழ்ந்த ஒலியை மறிப்பது கஷ்டம். ஓட்டு வீடெண்டால் கேட்கவே வேணாம். வெள்ளவத்தை பிளாட்டில் சுவரும் நிலமுமே அடுத்த வீட்டோடு பகிர்ந்ததுதான். பெட்டிக்குக் கீழ தடிச்ச ஸ்பொஞ்ச் வைத்தால் நிலத்தால் போகிற அதிர்வு குறையும், காற்றால் போகிறது போய்க்கொண்டுதான் இருக்கும்.

சுவருக்கு அங்கால போய்ச் சேர்வது வசனமும் இசையும் கழன்றுபோன வெறும் ‘தும்’. கேட்கிறவருக்கு அது படமா பாட்டா எண்டு தெரியாது. எங்கட ஊர்களில் அந்தத் ‘தும்’முக்கு வேறு ஒரு அர்த்தமும் இருக்கு. தூரத்தில் ஷெல் விழுகிற சத்தத்தை வருசக்கணக்காய்க் கேட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் எண்டு கணக்குப் பார்த்து பங்கருக்குள் ஓடின சனம் இன்னும் பக்கத்து வீடுகளில்தான் இருக்கினம். 2009க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது வெறும் பேஸ். அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்குப் போர்ப்படம் ஒன்றைப் போட்டு, திருகையும் முழுக்கத் திருப்பினால், சுவருக்கு அங்கால ஒரு அம்மம்மா எழும்பிக் கட்டிலில் குந்தியிருக்கக்கூடும். அவ வந்து சண்டை பிடிக்கப் போவதில்லை. சும்மா விடியும் வரைக்கும் இருப்பா.

‘அப்ப சத்தமே இல்லாமப் படம் பாக்கிறதோ?’ எண்டு கேட்பீங்கள். இல்லை. பகலில் போடுங்கோ, வடிவாய்ப் போடுங்கோ. பெட்டியைச் சரியான இடத்தில் வைத்தால் அரைவாசித் திருகலிலேயே போதுமான பேஸ் உங்கட கதிரைக்கு வரும். இரவில் கொஞ்சம் சிக்கல். சத்தம் குறையக் குறைய எங்கட காதுக்குத் தாழ்ந்த ஒலிதான் முதலில் மங்கும், அதனால்தான் இரவில் கை தானாகவே பேஸ் திருகுக்குப் போகுது. அதுக்குப் பதிலாக ‘நைற் மோட்’ எண்டு உங்கட செற்றில் இருந்தால் அதைப் போடுங்கோ. பெரிய சத்தத்தை அமத்தி, மெல்லிய வசனத்தைத் தூக்கும்.

அடுத்த முறை படம் ஓடிக்கொண்டிருக்கேக்க, சண்டைக் காட்சி வருகிற நேரமாய்ப் பார்த்து, எழும்பி வெளியில் வந்து மதிலோரம் ஒரு இரண்டு நிமிசம் நில்லுங்கோ. என்ன கேட்குதெண்டு பார்த்திட்டு, உள்ளுக்குப் போய்த் திருகில் கையை வையுங்கோ.