உங்கள் எண்டியூரோ யாரை மன்னிக்கிறது?

மலைச் சைக்கிள்களை மதிப்பீடு செய்கிறவர்களுக்கு ஒரு செல்ல வார்த்தை இருக்கிறது: "மன்னிக்கும்." நீங்கள் வளைவைத் தப்பாகக் கணித்தாலும், வேகத்தைக் கூட்டிவிட்டாலும், வேரிலும் கல்லிலும் போய் இடித்தாலும் இந்த பைக் மன்னிக்கும். 170 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் எல்லாத்தையும் விழுங்கிவிட்டு உங்களைப் பத்திரமாகக் கீழே சேர்க்கும். வெளிநாட்டு வீடியோக்களில் கேட்ட இந்த வசனத்தை நாம் கண்டியிலும் அப்படியே ஒப்புவிக்கிறோம். ஹந்தானைக்கு எது நல்லது, நக்கிள்ஸ் பக்கம் எது தாங்கும் என்று யாராவது கேட்டால், காசு இருந்தா ஃபுல் சஸ்பென்ஷன் எண்டியூரோ எடு மச்சான், கண்ணை மூடிட்டு எடு என்கிறோம்.

எந்த மலைக்கு, எந்தப் பாதைக்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என் சண்டை அதோடுதான்.

பைக்குக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். எண்டியூரோ என்பது ஒரு பந்தயத்தின் பெயர். அதில் இறங்குகிற பகுதிகளுக்கு மட்டும்தான் நேரம் எடுப்பாங்க. அடுத்த இறக்கத்தின் உச்சிக்கு நீங்களே மிதித்து ஏறணும், ஆனா அந்த ஏற்றம் வெற்றி தோல்விக் கணக்கில் வராது. 2013இல் எண்டியூரோ உலகத் தொடர் ஆரம்பித்தது, 2023இலிருந்து அது உலகக் கிண்ணமாக நடக்கிறது. பைக்கும் இந்த விதிக்கு ஏற்றபடி வார்த்த பைக்தான். ஸ்பெஷலைஸ்ட் கம்பனியின் எண்டியூரோவில் முன்னும் பின்னும் 170 மில்லிமீட்டர். சாண்டா குரூஸ் மெகாடவர், யெட்டி எஸ்.பி.160 எல்லாம் அதே குடும்பம். முன் ஃபோர்க் ஏறத்தாழ 64 பாகையில் சாய்ந்திருக்கும். அதனால் முன்சக்கரம் உங்களுக்கு வெகுதூரம் முன்னால் நிற்கும், செங்குத்தான இறக்கத்தில் ஆளைத் தலைகுப்புறத் தள்ளாது. சீட்டுக் குழாய் மட்டும் நிமிர்ந்திருக்கும், ஏறும்போது உடம்பு பெடலுக்கு நேர் மேலே வர. கெட்டிக்காரத்தனமான பொறியியல், சும்மா சொல்லக்கூடாது.

ஒரு நண்பருடைய எண்டியூரோவை இரண்டு நாள் வாங்கி ஓட்டினேன். ஹந்தானை வீதியில் ஏறி, பழைய தேயிலைத் தொழிற்சாலையான மியூசியத்தைத் தாண்டி, தோட்ட ரோட்டுகளில் கலஹா பக்கமாக. ஏற்றம் பயந்த அளவு மோசமில்லை. 15 கிலோ இரும்பும் கார்பனும் ரப்பரும் முனகிக்கொண்டு வந்தது, அவசரப்படுத்தாமல் மிதித்தால் போதும். ஆச்சரியம் இறக்கத்தில்தான். சப்பென்று இருந்தது. கல் பதித்த தோட்ட ரோட்டில் அந்த சஸ்பென்ஷனுக்கு வேலையே இல்லை. வேகம் இருபதா நாற்பதா என்றே உடம்புக்குத் தெரியவில்லை.

காரணம் எளிது. தோட்ட ரோட்டுகள் செங்குத்தாக இறங்குவதில்லை. மாட்டு வண்டியும் பிறகு லொறியும் போக, மழைத்தண்ணி ரோட்டை அரிக்காமல் ஓட, மலையைச் சுற்றிச் சுற்றி மெல்லிய சரிவில் வெட்டியிருக்கிறார்கள். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற, 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதையும் பெரும்பாலும் இந்தப் பழைய பாதைகளின் மேல்தான் போகிறது. சைக்கிள் பாதை அமைக்கிற சர்வதேச அமைப்பு ஒன்று சராசரிச் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இப்போது வழிகாட்டுகிறது. நம்ம ஆட்கள் அதை எந்த வழிகாட்டியும் படிக்காமல் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மண்வெட்டியால் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆக, எண்டியூரோவுக்கு இந்த ரோட்டு போதாது. அது செங்குத்துக் கேட்கும். ஹந்தானை - கலஹா பக்கத்தில் செங்குத்து எங்கே இருக்கு? குறுக்கில். லயத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு, அங்கேயிருந்து கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டைச் சுற்றாமல் நேரே விழுகிற குறுக்குப் பாதை. படி வெட்டின மண், நடுவில் வேர், இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை. மதிப்பீட்டாளர்கள் "தொழில்நுட்ப இறக்கம்" என்று வாயூறுவது இதைப் பார்த்துத்தான். நல்ல பைக்கை வாங்கினவன் ஒருநாள் ரோட்டை விட்டு இதில் இறங்குவான். அவன் கெட்டவன் என்பதால் இல்லை, பைக் அதைக் கேட்கும். மதிப்பீட்டில் ஒளிந்திருக்கிற சங்கதி இது. ஒரு பொருளை வாங்கச் சொல்கிறபோது அது உங்களை எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்பதையும் சேர்த்தே விற்கிறோம்.

சின்னக் கணக்கு ஒன்று. மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் செக்கனுக்கு எட்டு மீட்டருக்கு மேல். கண் பார்த்து, விரல் பிரேக்கை நெரிக்க ஒரு செக்கன் ஆகும். ஈர மண்ணில் நிற்க இன்னும் அவ்வளவு தூரமாவது வேணும், சரிவில் அதைவிடக் கூடும். தேயிலைக்கு நடுவே ஒரு பாறையைச் சுற்றித் திரும்புகிற குறுக்கில் பத்து மீட்டர் முன்னால் தெரிந்தாலே பெரிய காரியம். எதிரே தலையில் பட்டியை மாட்டி முதுகில் கொழுந்துச் சாக்கோடு ஏறி வருகிற அக்கா நிலத்தைப் பார்த்துத்தான் நடப்பார், நிமிர்ந்து பார்த்து நடக்க அந்தப் பாரம் விடாது. ஒதுங்கவும் இடமில்லை. சஸ்பென்ஷன் மன்னிப்பது உங்கள் பிழையைத்தானே. அந்தப் பிழை போய் இடிக்கிற ஆளுக்கு அதில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அந்த விலைக்கு வருகிற பைக்கில் பொதுவாக ஒரு மணிகூட வராது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

"அங்கேயும் ஆட்கள் நடக்கிறாங்கதானே" என்று கேட்பீர்கள். விஸ்லரில் அந்த பைக்கைச் சோதிப்பது சைக்கிளுக்கென்றே வெட்டின, கீழ்நோக்கி மட்டும் போகிற பாதையில். மேலே போக லிஃப்ட் இருக்கு. அங்கே எதிரே ஆள் வரமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அந்த வேகம். அந்த நம்பிக்கையை வீடியோவிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது.

மண்ணைப் பற்றியும் சொல்லணும். "கல்லோ வேரோ, உழுதுகொண்டு போகும்" என்பது இன்னொரு பாராட்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த வார்த்தையை இவ்வளவு லேசாகச் சொல்ல எனக்கு வாய் வராது. சைக்கிள் டயர் மலையைச் சரிக்காது, அப்படிச் சொல்வது அபத்தம். ஆனா பிரேக் பிடித்துச் சறுக்கின டயர் ஈர மண்ணில் ஒரு கோடு கிழிக்கும். அடுத்த மழை அந்தக் கோட்டை வாய்க்காலாக்கும். கானுக்குப் போகவேண்டிய தண்ணி பாதையில் இறங்கும், வெட்டின படி கரையும். பிறகு அந்தப் படியில் கால் வைக்கப்போவது நீங்கள் இல்லை. ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது என்பதையும் நம்ம மதிப்பீடுகளில் எங்கேயும் காணோம்.

விலைக்கு வருவோம். உயர்ரக மொடல்கள் 10,000 டொலரைத் தொடும், தாண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால், வரியைத் தள்ளி 30 லட்சம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு "பேர்". 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் அந்த பைக் 2,222 பேர், மாதம் 25 நாள் என்றால் ஏழு வருஷத்துக்கு மேல். இதைப் பொறாமையில் சொல்லவில்லை. காசு இருக்கிறவர் வாங்கட்டும், மோட்டார் சைக்கிளுக்குக் கொட்டுவதைவிட இதற்குக் கொட்டுவது எவ்வளவோ மேல். ஆனா பல வருஷச் சம்பளத்தில் ஓடுகிற ஒன்று, அந்தச் சம்பளம் வாங்குகிறவர் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் அவரை ஒதுங்கச் சொல்லும்போது, அந்தக் காசு உங்கள் தனிப்பட்ட விஷயமாக இருக்காது.

சேர்விஸ் கதை தனி. ரொக்ஷொக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை திறந்து, துடைத்து, எண்ணெய் மாற்றச் சொல்கிறது கம்பனி. வாரத்துக்கு நாலு மணித்தியாலம் ஓட்டினால் மூன்று மாதம்கூட வராது. பின் ஷொக்கை முழுசாகத் திறந்தால் பலதுக்கு நைட்ரஜன் அடைக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழையில், சேற்றில் ஓடுகிற சீலுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். பக்கத்தில் செய்ய ஆள் இருக்கா என்று பார்க்காமல் வாங்கினால், அழகான ஒன்று வரவேற்பறைச் சுவரில் தொங்கும்.

பிறகு எதைத்தான் வாங்குவது? பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் போதும். முன்னால் 120 - 140 மில்லிமீட்டர், 2.4 அங்குல டயர், நல்ல டிஸ்க் பிரேக். இதை ஏழைக்கான மாற்று என்று நினைக்க வேண்டாம். ஹந்தானை ரோட்டில் ஹார்ட்டெயில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் கொடுக்கிற கிளுகிளுப்பை எண்டியூரோ நாற்பதில்தான் கொடுக்கும். கல் கையில் தெரியும், பயம் வயிற்றில் தெரியும், நீங்களாகவே பிரேக்கைத் தொடுவீர்கள்.

எண்டியூரோதான் வேணும் என்கிறவர்கள் அதற்குரிய பாதையைக் கேளுங்கள். சட்டப்படி அனுமதி எடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத சரிவில், சைக்கிளுக்கு மட்டும் ஒரு பாதை. அதில் முக்கால்வாசி வேலை தண்ணியைத் திருப்புவது. கான் வெட்டத் தெரிந்தவர்கள் மேல் லயத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேர் போட்டுச் சம்பளம் கொடுத்து வெட்டச் சொல்லலாம். 30 லட்சத்தில் பைக் வாங்குகிற நாலு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால், 2024 நாட்சம்பளக் கணக்கில் கிட்டத்தட்ட 300 பேர் வேலைக்குக் காணும்.

அதுவரைக்கும், மதிப்பீடு போடுகிற தோழர்கள் எந்தப் பாதையில் ஓட்டினீர்கள், அது யாருடைய பாதை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். காலையில் பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போகிற நேரமும், பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற நேரமும் குறுக்குப் பக்கமே போகாதீர்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூட. ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இருக்காது என்று நினைத்து இறங்குகிறவர்களுக்கு: கொழுந்து கூடின காலத்தில் ஞாயிறும் பெயர் போடுவாங்க, முதல் நாளே லயத்தில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.