ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய்?

புக்கிட் ரோத்தான், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை என்று கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘ஊருக்குப் போவது’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும் கல்யாணப் புடவை எடுக்கவும் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறார்கள். விமானச் சீட்டு பத்து வெள்ளி மலிவாகக் கிடைக்குமா என்று மூன்று மாதம் தேடுகிறோம். ஆனால் கையிலுள்ள வெள்ளியை ரூபாயாக மாற்றும்போது மட்டும், விமான நிலையத்தில் முதலில் கண்ணில் படும் முகப்பில் நீட்டிவிடுகிறோம். “கொஞ்சக் காசுதானே, போனால் போகிறது!” என்று ஒரு பெருந்தன்மை வேறு. இந்தப் பெருந்தன்மை நமக்குக் கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாணய மாற்றுக் கடைப் பலகையில் ரூபாய்க்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கும். பெரும்பாலும் அவை நூறு ரூபாய்க்கான விலை. ஒன்று கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை, மற்றது நமக்கு விற்கும் விலை. ஒரு கடையில் வாங்குவது 4.85, விற்பது 5.05 என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கடையில் வாங்குவது 4.40, விற்பது 5.55. மூவாயிரம் வெள்ளியை நீட்டினால் முதல் கடையில் ஏறத்தாழ 59,400 ரூபாய் கிடைக்கும், இரண்டாவதில் 54,050தான். வித்தியாசம் 5,350 ரூபாய், அதாவது சுமார் 270 வெள்ளி. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி. ஆக, போனால் போகிறது என்று விட்டது நான்கு நாள் கூலி!

நமக்கு வேண்டியது ஓர் எண்தான் என்றாலும் இரண்டையும் பாருங்கள். இடைவெளி குறுகியிருந்தால் விலை நியாயமானது. அகன்றிருந்தால் ‘கமிஷன் இல்லை’ என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்; கமிஷன் அந்த இடைவெளிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிக் கேட்பதில் வெட்கம் என்ன? பேங்க் நெகாரா உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, ரசீதும் கேட்டு வாங்க வேண்டும். தமிழிலேயே கேட்கலாம். அந்தத் தொழிலில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நம் தாத்தாக்களுக்கு இந்த வசதி இல்லை. முதல் உலகப் போருக்கு முன் ஒரு வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ், ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ். நூறு வெள்ளி அனுப்பினால் 175 ரூபாய். 1927இல் ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டமானபோது அதே நூறு வெள்ளி சுமார் 155 ரூபாயாகச் சுருங்கியது. பால்மரம் சீவியவரின் உழைப்பில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஊரில் பணத்துக்குக் காத்திருந்தவளுக்கு இருபது ரூபாய் குறைந்தது. யாரிடம் போய்க் கேட்பது? நம் கண்முன்னே பலகை தொங்குகிறது, நாம் கேட்பதில்லை.

முழுப் பணத்தையும் இங்கேயே ரூபாயாக்கிக்கொண்டு போகவும் முடியாது. வெளிநாட்டவர் விமான நிலையம் வழியாக 25,000 ரூபாய் வரைதான் இந்தியாவுக்குள் கொண்டுபோகலாம். முதல் சில நாள் செலவுக்கு இங்கே மாற்றிக்கொண்டு, மீதியை அங்கே வங்கி இயந்திரத்தில் எடுப்பது நல்லது. அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த நம் வங்கியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு என்பதால் சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். “ரிங்கிட்டில் கழிக்கட்டுமா, ரூபாயிலா?” என்று இயந்திரம் கேட்டால் ரூபாய் என்றே அழுத்துங்கள். ரிங்கிட் என்றால், மாற்று விலையை அந்த இயந்திரக்காரர் தம் இஷ்டத்துக்கு வைப்பார்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது. திரும்பி வரும்போது மிஞ்சிய ரூபாயை ‘அடுத்த தடவைக்கு ஆகும்’ என்று மைலோ டின்னில் போட்டு வைப்பது. என் பாட்டியும் அப்படித்தான் மூன்று ஆயிரம் ரூபாய் நோட்டுகளை வைத்திருந்தார். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 30க்குப் பிறகு தரப்பட்ட கூடுதல் அவகாசமும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. நாம் மலேசியர்கள். (நம் நாட்டிலும் 500, 1000 வெள்ளி நோட்டுகள் 1999இல் செல்லாமல் போயின. யாருக்கு இப்போது ஞாபகம்?) 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டும் திரும்பப் பெறப்பட்டது. வங்கிகளில் மாற்ற அக்டோபர் 7 வரை தவணை கொடுத்தார்கள். ஐந்து மாதத்துக்குள் எத்தனை பேர் இன்னொரு தடவை திருச்சிக்குப் போய் வர முடியும்?

பாட்டியிடம் அந்த நோட்டுகள் செல்லாது என்று நான்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. “காந்தி படம் போட்டிருக்கே ஐயா,” என்றார். அந்த வருடம் நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டுக்குப் போனவன்தான். அதை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.