சிறு காயமும் கோர்ட்டுச் சாட்சியமும்

மதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக இராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலையில் யாத்திரிகர்களின் கார்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. அதே சாலையில்தான் நம் நெசவாளர் நூலைச் சைக்கிளில் ஏற்றிச் செல்கிறார். விவசாயி மிளகாய் மூட்டையுடன் கமிஷன் கடைக்குப் போகிறார். காரின் ஓரம் இடித்து ஒருவர் விழுந்தால், உயிர் பிழைத்ததே போதுமென்று, கார்க்காரர் நீட்டும் ஐந்நூறையோ ஆயிரத்தையோ பெற்றுக்கொண்டு வீடு திரும்புவது நம்மவர் வழக்கம். இவ்வழக்கம் மாறவேண்டும்.

எலும்பை முறிக்காத காயமும் தொழிலை முறிக்கக்கூடும். கணுக்கால் சுளுக்கிய குமாஸ்தா நாற்காலியில் அமர்ந்து எழுதலாம். குழித்தறியில் மிதியை அழுத்த வேண்டிய நெசவாளர் என் செய்வார்? மிளகாய்ப் பறிப்புக் காலத்தில் கை வீங்கிய விவசாயி, தம் வேலைக்கும் சேர்த்து ஆள் வைத்துக் கூலி கொடுக்க நேரிடும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, விபத்து நடந்த இடத்திற்கோ, காயமுற்றவர் வசிக்கும் இடத்திற்கோ உரிய டிரிப்யூனலில் நஷ்ட ஈடு கோரலாம். தவற்றை நிரூபிக்காமலே பெறத்தக்க இரண்டரை லட்ச ரூபாய் கொடுங்காயத்திற்கு மட்டுமே உரியது. சிறு காயமுற்றவரோ ஓட்டியவரின் அஜாக்கிரதையை நிரூபித்தாக வேண்டும். எனினும் கிரிமினல் வழக்கைப்போல ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டுவதில்லை; நடந்திருக்கக்கூடியது இதுவே என்று தோன்றினால் போதும்.

சாதாரணக் காயங்களுக்குச் சிகிச்சைச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், பட்ட வேதனை ஆகிய மூன்றுக்கே ஈடு கிடைக்கும் என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. கூலித் தொழிலாளியிடம் வருமானத்திற்குப் பத்திரச் சான்று எதிர்பார்க்கலாகாது என்று 2011இல் இராமச்சந்திரப்பா வழக்கில் கூறியது. ஆயினும் சான்று இருப்பவர் கை ஓங்கியே இருக்கும்.

2022 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள திருத்தங்களில் இரண்டை நாம் மறக்கலாகாது. ஆறு மாதத்திற்குள் மனுச் செய்யவேண்டும் என்பது ஒன்று. இவ்வரம்பு குறித்துச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு எழுந்துள்ளது. அதை நம்பித் தாமதிப்பது அறிவன்று. தாவாவிலுள்ள தொகை ஒரு லட்சத்திற்குக் குறைந்தால் அப்பீல் இல்லை என்பது மற்றொன்று. ஆகவே முதல் விசாரணையிலேயே சாட்சியம் முழுமையாக இருக்கவேண்டும்.

ஆகையால் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று, மோதிய வண்டியின் எண்ணையும் விபத்து நேர்ந்த விதத்தையும் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்க. உடனே போலீஸில் புகார் கொடுக்க. தாமதித்தால், "தானே விழுந்தவர்" என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வாதிடும். மருந்துச் சீட்டுகளையும் ரசீதுகளையும் பாதுகாக்க. இல்லாத வலியைக் கூட்டிச் சொல்லற்க; ஒரு பொய் வெளிப்பட்டால் உண்மையான காயமும் ஐயத்திற்குள்ளாகும்.

சிறு தொகைக்குக் கோர்ட்டு ஏறி இறங்கினால் செலவே தொகையை விழுங்கும் என்பர் சிலர். இதில் உண்மையுண்டு. அதற்காகவே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியும் லோக் அதாலத்தும் இருக்கின்றன. பெண்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரும், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி அவ்வுதவிக்கு உரியவர்கள். சமரசம் பேசுமிடத்திலும் ஆதாரம் உள்ளவருக்கே நியாயமான தொகை கிடைக்கும்.

இங்கேதான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. விபத்துக்கு முன் ஓர் அங்கத்தினர் மாதந்தோறும் எத்தனை சேலை நெய்து எவ்வளவு கூலி பெற்றார், பின்னர் எத்தனை மாதம் தறி நின்றது என்பதைச் சங்கத்தின் கூலிக் கணக்கைவிடத் தெளிவாக உரைக்கும் சாட்சி எது? கேட்ட சில நாட்களுக்குள் கட்டணமின்றி அதன் நகலைக் கையொப்பமிட்டுக் கொடுப்பதும், டிரிப்யூனல் அழைத்தால் காரியதரிசி கணக்குடன் ஆஜராவதும் கடமையாகவேண்டும். விவசாயிகளின் சங்கங்களும் விற்பனைக் கணக்கை அவ்வாறே தரலாம். அடுத்த பொதுப்பேரவையில் இதற்கொரு தீர்மானம் நிறைவேற்றுக. கடன் கொடுப்பதும் நூல் கொடுப்பதும் மட்டுமல்ல, அங்கத்தினரின் உழைப்புக்குச் சாட்சி சொல்வதும் கூட்டுறவே.